வீட்டில் மறைத்து வைத்த நோயாளி



ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி ஆண்டவர் மறுரூபமான திருநாள். அன்று பூசையில் மலையின் உச்சியைப் பற்றி வாசிக்கக் கேட்கிறோம். ஆண்டவருடைய திருமுகம் சூரியனைப் போல் பிரகாசித்ததையும், மோயீசனும் எலியாசும் அவரோடு பேசிக்கொண்டிருந்ததையும், இராயப்பர் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிவிட ஆசைப்பட்டதையும் நினைத்து மகிழுகிறோம். ஆனால் சுவிசேஷம் மலையுச்சியோடு முடிந்துவிடவில்லை. ஆண்டவர் இறங்கி வந்தார். மலையடிவாரத்தில் அவருக்காகக் காத்திருந்தது யார்? நோயுற்ற மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பன்.

அந்த இடத்தைச் சற்று மனதில் நிறுத்திப் பாருங்கள். பையன் கீழே விழுந்து, நுரை தள்ளி, பல்லைக் கடித்து, கட்டையைப் போல் விறைத்துப் போகிறான். சில சமயம் நெருப்பில் விழுகிறான். சில சமயம் தண்ணீரில் விழுகிறான். சுற்றிலும் பெருங்கூட்டம். வேதபாரகர் ஒரு பக்கம், சீஷர் ஒரு பக்கம் நின்று தர்க்கம் செய்கிறார்கள். எல்லாரும் பேசுகிறார்கள், தகப்பனிடம் யாரும் பேசவில்லை. ஆண்டவர் வந்ததும் தர்க்கத்தை நிறுத்தினார். பிறகு அந்தத் தகப்பனைப் பார்த்து, எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷம் 9-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். நல்ல வைத்தியர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்கிற கேள்வி அன்றோ இது! யார் செய்த குற்றம் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் வம்சத்தில் யாருக்காவது உண்டா என்று குத்திக் காட்டவில்லை. எவ்வளவு காலமாய்த் துன்பப்படுகிறாய் என்பதே அவர் கேட்டது.

இவ்வாரம் உங்களோடு பேச விரும்புவது இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றியும், அவர்களை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் தவிக்கிற குடும்பங்களைப் பற்றியுமே. மனநோய் ஒன்று, குடி முதலிய போதைப் பழக்கத்தால் வரும் நோய் மற்றொன்று. நம் பங்கில் இவை இல்லாத தெரு இல்லை. ஆயினும் இவற்றைப் பற்றி நாம் உரக்கப் பேசுவதில்லை. காய்ச்சல் வந்தால் அடுத்த வீட்டில் சொல்லுகிறோம். காமாலை வந்தால் கோவிலில் செபிக்கச் சொல்லுகிறோம். மனம் பேதலித்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம்.

28 உயிர்கள்

அதே ஆகஸ்டு 6-ந் தேதி, 2001-ம் ஆண்டு, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு விபத்து நடந்தது. மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் விடியற்காலத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்களின் கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. தீயைக் கண்டும் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றமே இதைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகள் பின்னர் மூடப்பட்டன.

அந்த ஊரையோ, அங்குள்ள தர்காவையோ, பிற சமயத்தாரையோ குறைகூற இதைச் சொல்லவில்லை. ஏர்வாடிக்குச் சகல மதத்தாரும் போனார்கள், நம்மவரும் போனார்கள். நம் சொந்தத் திருத்தலங்கள் சிலவற்றிலும் மனநோயாளிகளைக் கட்டிப் போட்டு வைத்த காலம் உண்டு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டது யார்? பெரும்பாலும் பெற்ற தாயும், உடன் பிறந்தவர்களும், கட்டிய கணவனுமே. அவர்கள் கொடியவர்களா? அல்ல. வழி தெரியாதவர்கள். ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சியவர்கள். தங்கை கல்யாணம் தடைப்படுமே என்று கலங்கியவர்கள். இரும்புச் சங்கிலியைப் பூட்டியவர் ஒருவராயிருக்கலாம். அதற்கு முன்பே நாவினால் ஒரு சங்கிலியைச் செய்து கொடுத்தது ஊரார்தான்.

இது எதனால் வருகிறது?

கண் ஓர் உறுப்பு, இருதயம் ஓர் உறுப்பு. மூளையும் அப்படியே ஓர் உறுப்பு. மற்ற உறுப்புகளுக்கு நோய் வருவது போல் அதற்கும் வரும். பிறவியோடு வருகிற இயல்பும், மூளையின் இரசாயனங்களில் உண்டாகும் மாறுதலும், சிறுவயதில் பட்ட அடியும், பெரும் துக்கமும், வறுமையும், போதைப் பொருளும் சேர்ந்தோ தனித்தோ அதற்குக் காரணமாகலாம். ஒருவன் காரணமின்றிப் பயப்படுகிறான். மற்றொருவனுக்கு யாரும் பேசாதபோது குரல் கேட்கிறது. பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி தன் குழந்தையைத் தொடவும் மனமின்றி அழுதுகொண்டே இருக்கிறாள். இவர்கள் சோம்பேறிகளும் அல்ல, பாசாங்குக்காரரும் அல்ல. இவர்களிடம் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று மட்டும் சொல்வது, கால் முறிந்தவனை எழுந்து நட என்று அதட்டுவதற்குச் சமம்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015, 2016-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வயது வந்தவர்களில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநோயால் அப்போது துன்பப்பட்டதாக அதில் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் பெரியவர்கள் 300 பேர் முழந்தாளிட்டிருந்தால், இக்கணக்கின்படி அவர்களில் 30 பேர் இந்தச் சிலுவையைச் சுமக்கிறவர்களாயிருக்கலாம். உங்கள் பக்கத்தில் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர்களில் ஒருவராயிருக்கலாம்.

இது யார் செய்த பாவம் என்று கேட்பவர் இன்றும் உண்டு. பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்களும் அதையே கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று. இரண்டும் இல்லை என்று ஆண்டவர் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அவர் வைத்த முற்றுப்புள்ளியை அழித்து நாம் மறுபடியும் எழுதலாமா?

பக்தி இருந்தால் மனநோய் வராது என்பாரும் உண்டு. எலியாஸ் தீர்க்கதரிசியைவிடப் பெரிய பக்தரா நாம்? அவர் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, தமக்குச் சாவு வந்தால் போதும் என்று கெஞ்சினாரே! சர்வேசுரன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். சம்மனசை அனுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். வேலை கொடுத்தது அதற்குப் பிறகுதான். சோர்ந்த ஆத்துமத்தைக் கையாளுவதில் இதைவிட நல்ல பாடம் எங்கே உண்டு? முதலில் உறக்கம், உணவு, ஒரு துணை, புத்திமதி பிறகு.

பேயா, நோயா?

பசாசு உண்டென்பது நம் விசுவாசம். ஆனால் பசாசு உண்டென்று நம்புவது ஒன்று; கண்ட நோயெல்லாம் பசாசின் வேலை என்பது வேறொன்று. 1614-ம் ஆண்டில் வெளியான உரோமை திருச்சடங்கு நூலே குருக்களுக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது: ஒருவனுக்குப் பசாசு பிடித்திருக்கிறதென்று எளிதில் நம்பிவிடக் கூடாது, மனச்சோர்வு நோயாலோ வேறு வியாதியாலோ வருந்துகிறவனிடமிருந்து அவனைப் பிரித்தறிய வேண்டும். நானூறு ஆண்டுக்கு முன்பே நம் திருச்சபை இவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறது. இன்றும் மேற்றிராணியாருடைய விசேஷ உத்தரவின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்ய முடியாது. அப்படியிருக்க, தெருக்கோடியில் ஒருவன் வேப்பிலையை எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகளை அடிக்கவும் முடியைப் பிடித்து ஆட்டவும் எவ்வளவு துணிவு! அவனுக்குப் பணம் கொடுத்து அழைத்து வருகிற கிறிஸ்தவ வீட்டார் முதற் கற்பனையை மீறுகிறார்கள். நோயாளிக்கும் துரோகம் செய்கிறார்கள்.

அப்படியானால் அர்ச். அந்தோனியார் கோவிலுக்கு நேர்ச்சை வைக்கலாமா? வேளாங்கண்ணிக்குப் போகலாமா? தாராளமாய்ப் போங்கள். நோயாளியையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் மாத்திரைகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். நவநாள் தொடங்கிவிட்டோம், இனி மருந்து எதற்கு என்று நிறுத்துகிற குடும்பங்கள் உண்டு. சில வாரத்தில் நோய் முன்னிலும் கடுமையாய்த் திரும்பும். பிறகு, செபமும் பலிக்கவில்லை, மருந்தும் பலிக்கவில்லை என்று இரண்டின் மேலும் பழி விழும். வைத்தியனைக் கனம்பண்ண வேண்டும், அவனைப் படைத்தவர் சர்வேசுரனே, பூமியிலிருந்து மருந்துகளை உண்டாக்கினவரும் அவரே என்ற கருத்தை வேதாகமத்தில் சீராக்கின் ஞானநூல் 38-ம் அதிகாரம் விளங்கச் சொல்லுகிறது. மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவல்ல. சர்வேசுரன் நீட்டுகிற ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தட்டிவிடுவதுதான் குறைவு.

1952-ம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை பூட்டிய அறைகளில் ஆயுள் முழுவதும் கிடந்தவர்கள் பலர் அமைதியடைந்து வீடு திரும்ப முடிந்தது. அதற்குப் பிறகு இன்னும் பல மருந்துகள் வந்துவிட்டன. பேச்சினால் மனதை ஆற்றுகிற முறைகளும் வளர்ந்துவிட்டன. எல்லாரும் முழுச் சுகம் அடைவார்கள் என்று சொல்ல முடியாது. நீரிழிவுக்காரர் மருந்தோடு வாழ்வது போல் பலர் மருந்தோடு நன்றாய் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து வாழ முடியும் என்பது உறுதி.

குடி என்னும் நோய்

குடிவெறி பாவம் என்பதைத் திருச்சபை ஒருநாளும் மறைத்ததில்லை, இன்றும் மறைக்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாதபோது கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வருகிறவனை நியாயப்படுத்த யாராலும் முடியாது. அவன் மனைவி படும் அடியும், பிள்ளைகள் படும் பசியும் சர்வேசுரனுடைய சமுகத்தில் கூக்குரலிடுகின்றன. ஆயினும் ஓர் உண்மையை அறிய வேண்டும். முதற் கிண்ணத்தை அவன் எடுத்தான். பல ஆண்டு சென்றபின் கிண்ணம் அவனை எடுத்துக்கொள்ளுகிறது. மூளை மதுவுக்கே பழகிப் போகிறது. அது இல்லாமல் உடம்பு நடுங்குகிறது. வேண்டாம் என்று தீர்மானிக்கிற சக்தியே நோயில் அகப்பட்டுக்கொள்ளுகிறது. 1956-ம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர் சங்கம் குடிப்பழக்கத்துக்கு அடிமையாவதை ஒரு நோய் என்று ஒப்புக்கொண்டது. குற்றம் கொஞ்சமும் இல்லை என்பது இதன் பொருளல்ல. குற்றத்துக்கு மனஸ்தாபமும், நோய்க்கு மருந்தும், இரண்டும் அவனுக்குத் தேவை என்பதே பொருள்.

இங்கே குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தவக்காலத்தில் நேர்ச்சை வைத்து ஒரே நாளில் குடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. எண்ணம் மிக நல்லது. ஆனால் பல ஆண்டாய் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுக்கமும், வியர்வையும், உறக்கமின்மையும் உண்டாகலாம். சிலர் இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுவார்கள். உடம்பில் பூச்சி ஊர்கிறதென்பார்கள். சிலருக்கு வலிப்பும் வரும். வீட்டார் பேய் அடித்துவிட்டது என்று நினைத்துத் திருநீறு மந்திரிக்கிறவனைத் தேடி ஓடுவார்கள். அது பேயல்ல. மது கிடைக்காத மூளையின் கொந்தளிப்பு. உயிரைக் கொண்டுபோகவும் கூடியது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகையால் நேர்ச்சை வைக்கும் முன்பே வைத்தியரைப் பார்த்து, அவர் சொற்படி நிறுத்துவதே விவேகம்.

திருச்சபையின் அர்ச்சியசிஷ்டவர்களில் இந்த நோயோடு போராடினவர் ஒருவர் உண்டு. சீன தேசத்து அர்ச். மாற்கு ஜி தியான்சியாங் என்பவர் ஒரு வைத்தியர். ஏழைகளுக்கு இலவசமாய் மருந்து கொடுத்தவர். தமக்கு வந்த வயிற்று நோய்க்கு அபினி சாப்பிடத் தொடங்கி, அதற்கு அடிமையானார். பாவசங்கீர்த்தனம் செய்வார், மறுபடியும் விழுவார். திருந்தும் எண்ணமே இவருக்கு இல்லை என்று அக்காலத்தில் நினைத்து, சுமார் 30 ஆண்டு அவருக்குத் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்பட்டன. அவரோ கோவிலுக்கு வருவதை நிறுத்தவில்லை, செபத்தை விடவில்லை. 1900-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, வேதத்தை மறுக்க மாட்டோம் என்று சொன்ன அவரும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். தம் வீட்டார் ஒருவரும் தனியே சாக வேண்டாம் என்று, தம்மைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டு, தேவமாதாவின் பிரார்த்தனையைப் பாடிக்கொண்டே நின்றாராம். 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி பரிசுத்த பிதா இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அபினியை அவர் வென்றதாக வரலாறு சொல்லவில்லை. விசுவாசத்தில் நிலைத்தார் என்றே சொல்லுகிறது. ஊரார் கண்ணுக்கு அவர் அபினிக்காரர். சர்வேசுரனுடைய கண்ணுக்கோ வேதசாட்சி.

வென்றவரும் உண்டு. அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் மத்தேயு டால்பட் என்னும் கூலித் தொழிலாளி 12 வயது முதல் குடிக்கத் தொடங்கியவர். 1884-ல், தம் 28-வது வயதில், மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என்று பிரதிக்கினை செய்தார். அந்த மூன்று மாதம் நாற்பதாண்டுக்கு மேல் நீண்டது. 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து மரித்தார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. கவனியுங்கள்: ஆயுள் முழுவதுக்கும் அவர் ஒரேயடியாய் வாக்குக் கொடுக்கவில்லை. சிறிது சிறிதாய் நடந்தார். உங்கள் வீட்டு மனிதன் ஒரு வாரம் குடிக்காமல் இருந்தால், எத்தனை நாளைக்குப் பார்ப்போம் என்று ஏளனம் செய்யாதீர்கள். அந்த ஒரு வாரத்துக்குச் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள்.

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில், பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம் என்று இன்று நம் ஊர்களிலும் கூடுகிற அமைப்பு தோன்றியது. 1939-ல் அதே நகரில் அர்ச். தோமையார் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த இஞ்ஞாசியா என்னும் கன்னியாஸ்திரீ, குடிகாரருக்கு இடம் கொடுக்க மருத்துவமனைகள் மறுத்த அந்தக் காலத்தில், வயிற்று அழற்சி என்று எழுதிக்கொண்டு ஒரு குடிநோயாளியைச் சேர்த்தார். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தக் கதவு பிறகு திறந்தது.

நம் நாவும் நம் கல்யாணங்களும்

பிரியமான குடும்பத்தாரே, நம் வழக்கப் பேச்சைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். சென்னையில் 1794-ம் ஆண்டு தொடங்கி, இருநூறு ஆண்டுக்கு மேலாய் மனநோயாளிகளைப் பராமரித்து வருகிற மருத்துவமனை இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது புகலிடம். நாமோ அந்த ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்டோம். கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியவன் என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்கிறவர்களில் ஒருத்தி, தன் மகனை வைத்தியரிடம் கொண்டுபோகலாமா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பவளாயிருப்பாள். நம் சிரிப்பைக் கேட்டபின் அவள் கொண்டுபோக மாட்டாள். பரியாசம் அற்பப் பாவம் என்று நினைக்கிறோம். ஒரு நோயாளியின் சிகிச்சையையே அது தடுத்துவிட்டதை நாம் அறிவதில்லை.

கல்யாண விஷயமும் அப்படியே. புத்தி தடுமாறிய பையனுக்கோ, குடிக்கிற பையனுக்கோ, ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். மெய்விவாகம் ஒரு தேவதிரவிய அனுமானம். அது மருந்துச் சீட்டல்ல. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நோய்க்குப் பலியாக்குவது நீதியா? தாம்பத்திய வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய குணத்தையோ நோயையோ வஞ்சகமாய் மறைத்து, சம்மதத்தைப் பெறுவதற்காகவே அப்படி ஏமாற்றிச் செய்த விவாகம் செல்லாது என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1098-ம் பிரிவில் சொல்லுகிறது. ஆதலால் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லச் சொல்லும் நாமே, உண்மை சொன்ன வீட்டாரைத் தள்ளிவைத்தால், பொய் சொல்லும்படி அவர்களைத் தூண்டினவர்கள் ஆவோம். நோயாளியின் தங்கையை, நோயாளியின் தங்கை என்பதற்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லுகிற வீடு, தன் வீட்டில் நோய் வரும் நாளை நினைத்துக்கொள்ளட்டும்.

தற்கொலையால் ஒருவரை இழந்த வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1917-ம் ஆண்டுச் சட்டத்தில், அறிந்து மனம் பொருந்தித் தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டிருந்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் நம்முடையதல்ல, அதை அழிக்க நமக்கு அதிகாரம் இல்லை என்ற போதகம் மாறவில்லை. ஆனால் கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அப்படி இறந்தவர்களின் ஈடேற்றத்தைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், சர்வேசுரன் தாம் மட்டும் அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனஸ்தாபத்தின் சமயத்தைக் கொடுக்கக் கூடும் என்றும் 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆகையால் அந்த வீட்டுக்குப் போங்கள். என்ன நடந்தது என்று துருவாதீர்கள். செபமாலை சொல்லுங்கள், சோறு கொண்டுபோங்கள், மாதங்கள் கழிந்த பிறகும் போங்கள்.

ஓர் ஊர் செய்த காரியம்

பெல்ஜியம் தேசத்தில் கேல் என்று ஓர் ஊர். மனநோயாளிகளின் பாதுகாவலியாகிய அர்ச். டிம்ப்னாவின் திருப்பண்டங்கள் அங்கே வைத்து வணங்கப்படுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நோயாளிகளை அங்கே யாத்திரையாய்க் கொண்டுவந்தார்கள். கோவிலில் இடம் போதவில்லை. ஊரார் என்ன செய்தார்கள்? தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். விவசாயக் குடும்பங்கள் நோயாளியைத் தங்கள் பந்தியில் உட்கார வைத்தன. வயல் வேலையிலும் அடுக்களை வேலையிலும் கூடச் சேர்த்துக்கொண்டன. பெற்றோர் பார்த்துக்கொண்ட நோயாளியைப் பிற்காலத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். 1930-களின் இறுதியில் அவ்வூர்க் குடும்பங்களில் 3,700 பேருக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள். இன்று எண்ணிக்கை குறைந்திருந்தாலும், மருத்துவமனையின் மேற்பார்வையோடு அந்த வழக்கம் நடந்துவருகிறது. 2023-ல் யுனெஸ்கோ அதைப் பாதுகாக்கத்தக்க நல்வழக்கமாகப் பதிவு செய்தது. கேல் ஊரார் பெரிய பண்டிதர்கள் அல்ல. உங்களையும் என்னையும் போன்ற பங்கு மக்கள். நோயாளியைக் கண்டு அவர்கள் கதவைச் சாத்தவில்லை, அவ்வளவே.

நாம் செய்ய வேண்டியவை

நம் பங்கில் ஒரே நாளில் கேல் ஊரை உண்டாக்க முடியாது. ஆனால் இவ்வாரமே தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, பைத்தியம், கிறுக்கு, குடிகாரன் வீட்டுப் பிள்ளை என்னும் சொற்களை நம் வீட்டு வாசலுக்குள் விடாதிருப்போம். பிள்ளைகள் சொன்னால் அன்றே திருத்துவோம்.

இரண்டாவது, வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்றி, உணவின்றி, எதிலும் மனமின்றி இருந்தாலும், இல்லாத குரல்களைக் கேட்டாலும், குடியை நிறுத்த முடியாமல் தவித்தாலும் வைத்தியரைப் பார்ப்போம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகத் தொலைபேசியில் பேசலாம். மத்திய அரசு 2022-ம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு அது. சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், சும்மா சொல்லுகிறார் என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேடுவோம்.

மூன்றாவது, யாரையும் கட்டிப் போடாதிருப்போம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகவன்றி, கடும் மன அழுத்தத்துக்கு உட்பட்டவராகக் கருத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. போலீசுக்குப் பயந்து அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டியதில்லை.

நான்காவது, நோயாளியை வைத்துப் பராமரிக்கிறவர்களை மறவாதிருப்போம். இருபது ஆண்டாய் ஒரு மகனைக் கவனித்து வருகிற தாய்க்கு ஒரு ஞாயிறு பூசை காணக் கூட நேரம் கிடைப்பதில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்தால் அவள் பூசை காணலாம். மரியாயின் சேனையாரும், வின்சென்ட் தே பவுல் சபையாரும் இதை ஒரு முறைவேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, அவர்களைக் கோவிலுக்கு அழைத்து வாருங்கள். பூசை நடுவில் அவர் எழுந்து நடந்தால் நடக்கட்டும். உரக்கப் பேசினால் பேசட்டும். யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். 1996-ம் ஆண்டு உரோமாபுரியில் கூடிய ஒரு மாநாட்டில் பரிசுத்த பிதா இரண்டாம் அருள் சின்னப்பர், மனநோயுற்றவரும் எப்போதும் சர்வேசுரனுடைய சாயலைத் தாங்கியவரே என்று போதித்தார். அந்தச் சாயலுக்கு நம் கோவிலில் ஓர் இடம் இல்லையென்றால், வேறு யாருக்கு இந்தக் கோவிலைக் கட்டினோம்?

சேசுநாதரைப் பற்றியே ஒரு சமயம் அவருடைய இனத்தார், இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, அவரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தார்கள் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். அந்தச் சொல்லை நம் இரட்சகர் தம் காதாலே கேட்டார். ஆகையால் அது யாரை எவ்வளவு புண்படுத்தும் என்று அவருக்குத் தெரியும். அச்சொல்லைக் கேட்டு ஒடுங்கிப் போயிருக்கிற எவரும் அவரிடம் கூச்சமின்றி வரலாம்.

இதை வாசிக்கிறவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், உங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை: உங்கள் நோய் உங்கள் பெயரல்ல. ஞானஸ்நானத்தில் உங்களுக்கு வேறு பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயராலேயே ஆண்டவர் உங்களை அழைக்கிறார். அறைவீட்டின் கதவு திறந்தே இருக்கிறது, எந்நேரமும் வாருங்கள். வைத்தியரிடம் போகத் துணை வேண்டுமானால் துணைக்கு ஆள் வரும்.

ஆரோக்கிய மாதா நம் பங்கிலுள்ள இந்த நோயாளிகளையும், அவர்களைச் சுமக்கிற குடும்பங்களையும் தம் திருக்கரத்தில் ஏந்திக் காப்பார்களாக. நம் நாவுகளையும் அவர்கள் காப்பார்களாக. ஆமென்.